ரூம் காளி

நீலக் கதவின் முன்னால் சுடலைமுத்து மாமா நிற்கிறார். இடது கையில் தண்ணீர் வாளி, தோளில் துண்டு, வாயோரத்தில் இன்னும் துடைக்காத பேஸ்ட் நுரை. கதவில் வெள்ளை சாக்பீஸால் பெரிதாக ஒரு வார்த்தை எழுதியிருக்கிறது. அவர் அதைப் படிக்கிறார். மறுபடியும் படிக்கிறார்.

நான் மாடிப்படியின் மேல்படியில் நிற்கிறேன். ஸ்கூல் யூனிஃபார்ம். ஒரு பக்கம் சடை பின்னியாகிவிட்டது, மறுபக்கம் விரிந்து கிடக்கிறது. எனக்கு எட்டு வயதிருக்கும், ஒன்பதாகவும் இருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். க, ரு, ங், கா, ளி.

கருங்காளி.

கையில்தான் தண்ணீர் இருக்கிறதே, ஊற்றித் துடைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் துடைக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார். துண்டால் வாயைத் துடைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏட்டி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாவலயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் நான் வந்தபோது ரூமில் அவரும் இல்லை, அவர் பையும் இல்லை.

இந்தக் காட்சியைப் பதினோரு தடவை வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வேன். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஏன் துடைக்காமல் போவான்?

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக: நான் ரூத். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. மிச்ச நேரத்தில் என் சின்ன வயதைப் படக்கதையாக வரைந்துகொண்டிருக்கிறேன். புத்தகமாக வரப்போகிறது. பிள்ளைப்பாக்கத்தில் நான் வளர்ந்த வருஷங்கள் அமைதியான வருஷங்கள் இல்லை. முதலில் நிலம் போனது, அதற்கு ஒரு கலவரம். அப்புறம் கம்பெனி வந்தது, உள்ளே போனவர்கள் சங்கம் கேட்டார்கள், அதற்கு ஒரு கலவரம். இது அந்த இரண்டாவது கலவரத்தின் கதை.

டிக்கும் இன்ட்டும்

என் வேலை என்ன என்று கேட்டால் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். லைனில் ஒவ்வொரு மெஷினுக்கு மேலேயும் ஒரு அட்டை தொங்குமே, எப்படி நிற்க வேண்டும், எங்கே கை வைக்கக் கூடாது என்று படம் போட்டு, அந்தப் படங்களை வரைகிறவள் நான். தமிழ், ஹிந்தி, ஒடியா என்று நாலு பாஷைக்காரர்கள் நிற்கிற லைனில் எழுத்து வேலைக்கு ஆகாது. கட்டம் கட்டமாகப் படம்தான். சரியாகச் செய்கிற ஆளுக்குப் பச்சை டிக். தப்பாகச் செய்கிற ஆளுக்குச் சிவப்பு இன்ட்டு.

படக்கதை போட நான் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. இந்த அட்டைகள்தான் பள்ளிக்கூடம். ஆனால் சொந்தக் கதையை வரைய உட்கார்ந்தபோது டிக்கை யாருக்குப் போடுவது, இன்ட்டை யாருக்குப் போடுவது என்று கை நின்றுவிட்டது.

எனக்கு வேறு சந்தேகப் புத்தி. பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்க்காமல் உள்ளே எடுத்துப் போக மாட்டேன். யாராவது ரொம்ப அன்பாகப் பேசினால், இவருக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். இது பிறவிக் குணம் இல்லை. அந்த ஸ்டிரைக் வருஷம் கொடுத்தது.

அந்த வருஷம் எங்கள் தெருவில் பேச்சு பாதியில் மாறும். டீக்கடையில் நாலு பேர் கம்பெனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்தால் மழை வருமா வராதா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ரோட்டில் போலீஸ் வேன் நின்றால், யாரைத் தேடி என்பதைவிட யார் சொல்லி வந்தது என்பதுதான் கேள்வி. எங்கம்மா எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தாள். "யார் வந்து இன்னா கேட்டாலும் தெரியலன்னு சொல்லு." நான் அதை அவ்வளவு சிரத்தையாகப் பிடித்துக்கொண்டேன், சண்டே கிளாஸில் டீச்சர் உலகத்தைப் படைத்தது யார் என்று கேட்டதற்கும் தெரியல என்றே சொன்னேன்.

மாடி ரூம்

எங்கப்பா பெயர் மோசஸ். நிலம் போன பணத்தில் வீட்டு மேல் ஒரு ரூம் கட்டினார், கதவுக்கு நீல பெயின்ட் அடித்தார். மிச்சம் இருந்த பெயின்ட்டில் ஒரு தகரத்தில் எழுதி கேட்டில் மாட்டினார். ரூம் காளி.

காலி என்று எழுத வேண்டியது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே ஓடும், எழுதும்போதுதான் தகராறு. அப்பா கடைக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டில் வெல்லம் எப்போதும் வெள்ளம்தான். 'வெள்ளம் அரை கிலோ' என்று இருக்கும். கடைக்காரருக்குப் புரியும், கொடுத்துவிடுவார்.

அந்தத் தகரத்தைப் பார்த்துத்தான் சுடலைமுத்து மாமா வந்தார். திருநெல்வேலிப் பக்கம். பக்கத்துக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, கையில் ஒரு ரெக்ஸின் பையோடு கேட்டில் நின்றார்.

"அண்ணாச்சி, ரூம்ல காளி இருக்காளாம்லா? எனக்கும் கொஞ்சம் எடம் குடுப்பாளா?"

அப்பாவுக்கு விளங்கவில்லை. அம்மா சிரித்த சிரிப்பில்தான் விஷயம் தெரிந்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். "இருந்துட்டுப் போட்டும்யா. காளி கீறான்னா திருடன் வர மாட்டான்" என்றார். நாங்கள் கிறிஸ்தவ வீடு. அதனால் அந்த ஜோக்கு தெருவில் ரொம்ப நாள் ஓடியது.

எழுத்தைத் திருத்து என்று அம்மா அன்றைக்கே சொன்னாள். அதற்கப்புறம் ரூம் காலியாகும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள். "ரூம் தேடறவனுக்குப் புரிஞ்சாப் போதும்" என்பார் அப்பா. அதே தகரம், அதே காளி, வருஷக்கணக்காக எங்கள் கேட்டில் தொங்கும், இறங்கும், தொங்கும். தெருவில் அதைப் பார்க்காதவர் கிடையாது.

சுடலைமுத்து மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏட்டிதான். மாடித் தரையில் நான் சாக்பீஸால் வரைந்து வைத்திருப்பதை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவார். "என்னட்டி வரையுத? இது ஆடா, உங்கய்யாவா?" என்பார். எனக்குக் கோபம் வரும், அப்புறம் சிரிப்பு வரும். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டீ

அப்பா கம்பெனியில் ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்தது. அப்பா சங்கக் கமிட்டியில் இருந்தார். ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் எங்கள் மாடியில் கூட்டம். அப்பாவோடு சேர்த்து ஆறு பேர். வெயிலுக்குத் துணிக்கொடியில் ஒரு போர்வையை விரித்துப் போட்டிருந்தார்கள். சுடலைமுத்து மாமாதான் ரூமிலிருந்த ஸ்டவ்வில் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கம்பெனியில் ஸ்டிரைக் இல்லை, அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ, அவ்வளவுதான்.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில் போலீஸ் வந்தது. கமிட்டி ஆட்கள் ஐந்து பேரை அவரவர் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா மட்டும் தப்பினார். முதல் நாள் சேரப்பணஞ்சேரியில் அத்தை வீட்டு விசேஷம், அங்கேயே தங்கிவிட்டார். காலை பஸ்ஸில் வந்து இறங்கித்தான் விஷயமே தெரிந்தது என்றார்.

மத்தியானத்துக்குள் தெருவில் ஒரு கேள்வி: பேர் யார் கொடுத்தது? சாயங்காலத்துக்குள் இன்னொரு கேள்வி: மோசஸை மட்டும் ஏன் வுட்டாங்க?

இரண்டாவது கேள்வியைத் தண்ணீர்க் குழாயில் வைத்து எங்கம்மாவிடமே கேட்டார்கள். அன்றைக்கு யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பா வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கதவு சாத்தப்படும். சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலையில்தான் மாடிக் கதவில் அந்த வார்த்தை. மத்தியானத்துக்குள் இரண்டாவது கேள்வி தெருவிலிருந்தே காணாமல் போய்விட்டது. எல்லாமே பொருந்திவிட்டது இல்லையா? டீ போட்டவன் அவன். எல்லாவற்றையும் காதில் வாங்கியவன் அவன். வெளியூர்க்காரன். நம்ம ஆட்கள் ஸ்டிரைக் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது தினமும் யூனிஃபார்ம் போட்டு பஸ் ஏறிப் போனவன். அதற்கும் மேலே, "தப்பு பண்ணலன்னா அத அழிச்சிருப்பான் இல்ல?" என்றார்கள். கையில் வாளியோடு நின்றதை எதிர் மாடியிலிருந்து ஒருத்தர் பார்த்திருந்தார்.

ஸ்டிரைக்கை உடைக்கிறவனுக்கும் கூட இருந்தே காட்டிக் கொடுக்கிறவனுக்கும் கருங்காலி என்று பெயர். அது எனக்கு அப்போது தெரியாது. நான் படித்தது காளி. ஆடி மாதம் ஏரிக்கரைக் கோயிலில் கூழ் ஊற்றும்போது சொம்போடு முதல் ஆளாக நிற்கிறவள் நான், காளி யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு என் கோடு போடாத நோட்டில் சுடலைமுத்து மாமாவை வரைந்தேன். நாக்கு வெளியே. எட்டுக் கை. எட்டுக் கையிலும் டீ கிளாஸ். கீழே 'கருங்காளி மாமா'.

அவர் போன சாயங்காலம், அப்பா ஈரத்துணி எடுத்துப் போய் அந்தக் கதவைத் துடைத்தார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். யாரோ எழுதிய அசிங்கத்தை எங்கப்பா துடைக்கிறார், எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். படக்கதையில் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தேன்.

உள்ளே போன ஐந்து பேரும் சில வாரத்தில் வெளியே வந்தார்கள். வேலை போய்விட்டது. ஸ்டிரைக்கும் போய்விட்டது. அப்பா ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மறுபடி கம்பெனி வேலைக்குப் போனார், பிற்பாடு லைன் லீடர் ஆனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

சிவப்பு வட்டம்

புத்தகத்துக்குப் பிழை பார்க்கிறவர் கமலா மேடம். ஒருநாள் போன் செய்தார்.

"ரூத், ஒரு எழுத்துப் பிழை. கதவுல எழுதியிருக்கிற வார்த்தை கருங்காலி. சின்ன லி. நீங்க பெரிய ளி போட்டிருக்கீங்க. வட்டம் போட்டு அனுப்பியிருக்கேன்."

"கதவுல அப்படித்தான் இருந்துச்சு மேடம்."

"எட்டு வயசுல பார்த்தது."

"அன்னிக்கு வரைஞ்ச நோட்டு இன்னும் இருக்கு. காளி மாதிரியே வரைஞ்சிருக்கேன். லி போட்டிருந்தா எனக்கு எங்கேருந்து காளி வரும்?"

கமலா மேடம் லேசில் நம்புகிறவர் இல்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். "எழுதினவர் தப்பா எழுதியிருந்தா அப்படியே விட்டுடலாம். ஆனா உறுதியாத் தெரியணும். இல்லேன்னா படிக்கிறவங்க உங்க தப்புன்னுதான் நினைப்பாங்க. விசாரிச்சுட்டு சொல்லுங்க" என்றார்.

யாரிடம் விசாரிப்பது என்று யோசித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினேன். கேட்டைத் திறந்து ஸ்கூட்டியை வெளியே தள்ளினேன். மாடி ரூமில் இருந்த பீகார் பையன்கள் அந்த வாரம்தான் காலி செய்திருந்தார்கள். தகரம் தொங்கிக்கொண்டிருந்தது.

ரூம் காளி.

எத்தனை ஆயிரம் தடவை பார்த்த எழுத்து. அன்றைக்குத்தான் படித்தேன். ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். ஷிப்ட் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

இதெல்லாம் சாட்சியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ல, ள தகராறு உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆனால் சந்தேகம் ஒரு தடவை வீட்டுக்குள் வந்துவிட்டால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். ஒரு வாரம் அப்பாவை வேவு பார்த்தேன். மளிகைச் சீட்டை எடுத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். அவர் யாரோடு போனில் பேசுகிறார் என்று கதவோரம் நின்று கேட்டேன். பெற்ற அப்பாவை இப்படிப் பார்க்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக நிறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் டீ குடிக்கும்போது, கமலா மேடம் வட்டம் போட்ட பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வேண்டுமென்றே வைத்தேன்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கதவு இன்னும் கொஞ்சம் வெளுத்த நீலம்" என்றார். அப்புறம், "இது இன்னா செவப்பா வட்டம்?"

"ஸ்பெல்லிங் தப்பாம்ப்பா. லி வரணுமாம். ளி இல்லயாம்."

"ஓஹோ" என்றார். மறுபடி ஒரு தடவை பார்த்தார். "நல்லா கீது" என்று பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் கேட்டுக்குப் போனேன். தகரத்தில் ளி சுரண்டப்பட்டிருந்தது. அதன் மேல் புது பெயின்ட்டில், இன்னும் காயாமல், லி.

ரூம் காலி.

"உன் டப்பாலேர்ந்துதான் எடுத்தேன்"

அப்பா பின்பக்கம் குழாயடியில் மண்ணெண்ணெய் போட்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகத்தில் பெயின்ட்.

"போர்டை மாத்துனீங்களாப்பா?"

"ஆமா. உங்கம்மா எத்தினி வருஷமா சொல்லிக்கினு கீறா."

"அம்மா நான் ஸ்கூல் போன காலத்துலேர்ந்து சொல்றாங்க. இன்னிக்கு இன்னா புதுசா?"

அவர் விரலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பெயின்ட் எப்போதோ போய்விட்டிருந்தது.

"நீங்கதான் எழுதுனீங்களா?"

"உன் சாக்பீஸ் டப்பாலேர்ந்துதான் எடுத்தேன்" என்றார்.

அடுத்ததையும் கேட்டேன். "பேரு குடுத்ததும் நீங்களா?"

"இல்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார். "உன் மேல சத்தியமா இல்ல ரூத்து. யாரு குடுத்தான்னு இன்னி வரிக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அன்னிக்கு எல்லாரும் என்னையே பாத்தாங்க. எதிர்வூட்டுக்காரன், கூட ஒரே தட்டுல சாப்ட்டவன், கதவ சாத்திக்கினான். உள்ள போனவங்க வெளிய வந்தா என்னை வெட்டிப் போட்டுருப்பாங்க. எனக்கு பயம். வேற யார் மேலயாவது திரும்பினாப் போதும்னு இருந்துச்சு. சுடல வெளியூரு. பஸ் ஏறிப் பூடுவான்னு நெனச்சேன்."

"போயிட்டாரு."

"பூட்டான்" என்றார் அப்பா. "அந்த அஞ்சு பேருல மூணு பேரு இன்னும் இதே தெருவுலதான் கீறாங்க. இந்த போர்டைத் தெரியாதவன் எவனும் கெடயாது. அன்னிக்கு எவனும் மேல வந்து எழுத்தப் பாக்கல, வார்த்தையக் காதுலதான் கேட்டான். புக்குல ளி போட்டன்னா என் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். ஒரு எழுத்துதானேம்மா. அந்தம்மா சொன்ன மாதிரியே மாத்திடு."

எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு மறுபடி வேலைக்குப் போன காகிதம் ஞாபகம் வந்தது. சத்தியம் செய்கிறவரை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை.

ஒத்தச் சடை

எங்கள் லைனில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருக்கிறாள். தெற்கத்திப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். இப்போது எல்லோரும் போடுகிறார்களே கருங்காலி மாலை, அவள் கழுத்திலும் ஒன்று உண்டு. கருங்காலி மரத்தில் கடைந்த கறுப்புக் கறுப்பான மணி. அதைப் போட்டால் நல்லது நடக்கும், கண் படாது என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் கூவிக் கூவி விற்கிறார்கள். ஒரு மனுஷனை ஊரை விட்டே துரத்திய வார்த்தை இன்றைக்குக் கழுத்து மாலையாகிவிட்டது. மரத்தின் மேல் என்ன தப்பு, அந்தப் பெயரை மனுஷனுக்கு வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

இசக்கியம்மாளிடம் மாமாவின் ஊர்ப் பெயரைச் சொல்லி விசாரிக்கச் சொன்னேன். "எங்க ஊர்ல தெருவுக்கு நாலு சுடலைமுத்து உண்டுக்கா. ஒரகடத்துல வேல பாத்த சுடலன்னா ஒருத்தர்தான், எங்க சித்தப்பாக்குப் பழக்கம்" என்றாள். இரண்டு நாளில் நம்பர் வந்தது. மினி லாரி ஓட்டுகிறாராம்.

கேன்டீனுக்குப் பின்னால் நின்று போன் செய்தேன். பிள்ளைப்பாக்கம் மோசஸ் மகள் என்றேன்.

"படம் வரையுத பிள்ளையா?" என்றார்.

ஆமாம் மாமா என்றேன். புத்தகம் என்றேன், கதவு என்றேன், அந்த எழுத்து என்றேன். உளறிக்கொட்டிவிட்டுக் கடைசியில் அதைக் கேட்டேன். கையில் தண்ணீர் இருந்ததே, ஏன் துடைக்கவில்லை?

"அது யாரு எளுத்துன்னு பாத்ததும் தெரிஞ்சிட்டு. காளிய வச்சு உங்கய்யாவ மொத மொதல்ல கேலி பண்ணதே நாந்தான? துடைச்சா அவர் எளுதுனது இல்லன்னு ஆயிரும். அவரே கண்ணால பாக்கட்டும்னுதான் விட்டுட்டுப் போனேன். அவரு கையால துடைக்கட்டும்."

"தெருவுல சொல்லியிருக்கலாமே மாமா. இது மோசஸ் எழுதினதுன்னு."

"சொல்லத்தான் திரும்புனேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "படியில நீ நிக்க. ஒத்தச் சடையோட. மறு பக்கம் விரிச்சுப் போட்டுக்கிட்டு, கதவப் பாத்து எளுத்துக் கூட்டிட்டு நிக்க. அப்பம் நான் வாயத் தொறந்தா அன்னைக்கு உங்கய்யாவ அந்தத் தெருவு உசுரோட விட்டிருக்காது. அவருக்காவ இல்லட்டி. நீ பாத்துட்டு நின்ன."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேன்டீன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"வெளியூர்க்காரன், எனக்குன்னா லேசா முடிஞ்சிரும்னு நெனச்சேன்" என்றார். "முடியல. நா போற எடத்துக்கெல்லாம் எனக்கு முன்னாலயே அந்தப் பேரு போயி நிக்கும். எங்க ஊர்ப் பயலுவளே ரூம்ல சேக்கல. ரெண்டு மாசத்துல ஊருக்கு வந்துட்டேன். அந்தப் பேரு இங்கயும் வந்துட்டு. கலியாணத்துக்குப் பொண்ணு கேட்டுப் போன எடத்துல கேட்டான், நீ அங்க என்னமோ காட்டிக் குடுத்தியாமேன்னு."

பேர் கொடுத்தது யாரென்று அவருக்கும் தெரியாது. தான் இல்லை என்பது மட்டும் தெரியும் என்றார். அப்பாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"புஸ்தகத்துல எளுதுனது யாருன்னு நீ போடணும்னு இல்ல" என்றார். "எளுத்த மட்டும் மாத்தாத."

நீலக் கதவு

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைப் பன்னிரண்டாவது தடவையாக வரைந்தேன். கதவை இன்னும் கொஞ்சம் வெளுத்த நீலமாக்கினேன். சுடலைமுத்து மாமா கையில் வாளி. இந்தத் தடவை அவர் கதவைப் பார்க்கவில்லை, படியில் நிற்கிற பிள்ளையைப் பார்க்கிறார். இத்தனை வருஷம் அந்தப் பிள்ளையைக் கட்டத்துக்கு வெளியே விட்டு வரைந்திருக்கிறேன். அப்பா துடைக்கிற முழுப் பக்கத்தையும் எடுக்கவில்லை, அப்படியே விட்டேன். அதைப் பார்க்கிறவர்கள் இனி வேறு மாதிரி பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போனில் பேசியதை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் டிவியை நிறுத்தினார்.

"தெரிஞ்சேதான் போனானா?" என்றார்.

"தெரிஞ்சேதான்."

"நான் துடைக்கணும்னு வுட்டுட்டுப் போனானா?"

"ஆமாம்ப்பா."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அடுப்படியில் அம்மா பாத்திரத்தைத் தேய்க்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று ஒரு சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

அப்போது போன் அடித்தது. கமலா மேடம். நாளைக்கு அச்சுக்குப் போகிறதாம்.

"அந்த ஒரு எழுத்துதான் ரூத் பாக்கி. லியா, ளியா?"

"ளி."

"உறுதியாச் சொல்றீங்களா? யார்கிட்டயாவது விசாரிச்சீங்களா?"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

"எழுதினவர்கிட்டயே கேட்டுட்டேன் மேடம்."